சந்தை ஒன்று, கண்ணீர் வேறா?

தோழரே!

பெல்ஜியம் நாட்டில் மார்சினெல் என்றோர் ஊர். 1956-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள், அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் தீ மூண்டது. 262 பேர் மாண்டனர். அவர்களுள் 136 பேர் இத்தாலியர். பிறந்த மண் ஓரிடம். பிணமான மண் வேறிடம்! ஏன் சென்றனர் அங்கே? வேடிக்கை பார்க்கவா? இல்லை, வயிறு விரட்டிற்று! 1946-இல் இரு அரசுகளும் உடன்பாடு கண்டிருந்தன: இத்தாலி ஆட்களை அனுப்பும்; பெல்ஜியம் நிலக்கரி தரும். ஆளுக்கு மாற்று, கரி!

அந்தச் சோகம் நிகழ்ந்து எட்டுத் திங்கள் நிறையுமுன், 1957 மார்ச் 25-இல், ரோம் நகரில் ஆறு நாடுகள் கூடிப் பொதுச் சந்தை காணக் கையொப்பமிட்டன. அந்த ஏட்டில் வாணிபம் மட்டுமா இருந்தது? வேலை இழந்தோரை மீண்டும் வேலைக்கு உரியோராக்கச் சமூக நிதியம் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த வேலைக்கு ஒத்த கூலி என்ற விதி இருந்தது. 1958-இல் இன்னொரு சட்டம் வந்தது. ஒரு நாட்டில் பத்தாண்டும் மறுநாட்டில் பதினைந்தாண்டும் உழைத்தவன், இரண்டையும் கூட்டிக் காட்டி ஓய்வூதிய உரிமை கோரலாம் என்றது. எல்லையைத் தாண்டியதால் உழைப்பு செல்லாக்காசாகாது என்று சொன்ன சட்டம் அது!

ஆறு இன்று இருபத்தேழாயிற்று. ஆனால், சமநிலை பிறந்துவிட்டதா? 2024 தொடக்கத்தில் லக்சம்பர்க்கில் குறைந்தபட்சத் திங்கள் ஊதியம் 2,571 யூரோ. பல்கேரியாவில் 477 யூரோ. ஒன்றியத்தின் ஆண்டு வரவுசெலவுத் திட்டமோ, அந்நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. முதியோர்க்கு ஊதியமும் வேலையற்றோர்க்கு உதவியும் அந்தந்த நாட்டின் பொறுப்பு. சந்தை பொதுச் சொத்து. பசி தனிச் சொத்து!

கிரேக்கத்தைக் கேளுங்கள், கதை சொல்லும். 2010-இல் கடனில் மூழ்கியபோது கை நீட்டினர். மறு கையில் நிபந்தனைப் பட்டியலும் நீட்டினர். ஓய்வூதியம் வெட்டப்பட்டது. 2012-இல் குறைந்தபட்ச ஊதியம் 22 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2013-இல் வேலை செய்வோரும் வேலை தேடி நின்றோரும் சேர்ந்த தொகையில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு வேலை இல்லை. கணக்கு ஏட்டைத் திருத்தக் கிழவியின் கஞ்சியிலா கை வைப்பது?

"எங்கள் உழைப்பின் பயனை அயலானுக்கு ஏன் அளிக்க வேண்டும்?" என்று செல்வ நாட்டார் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே, மறுமொழியும் உண்டு. ருமேனியா பெற்று, வளர்த்து, படிக்க வைத்த மருத்துவர் ஜெர்மனியின் மருத்துவமனையில் நோய் தீர்க்கிறார். பயிரிட்டது ஒரு வயல். விளைச்சல் சேர்ந்தது வேறொரு களஞ்சியம்! ஏழை நாட்டுக்குச் செல்லும் நிதி பிச்சையன்று. பெற்றதற்குச் செலுத்தும் கடன்!

அந்த உண்மையை ஐரோப்பா ஓரளவு உணர்ந்தது, கொள்ளைநோய் வந்த 2020-இல். பல நாள் வாதாடி, பூசலிட்டு, ஜூலையில் ஒப்பினர்: ஒன்றியத்தின் பெயரால் 75,000 கோடி யூரோ கடன் திரட்டுவது, அதில் 39,000 கோடியைத் திருப்பித் தர வேண்டாத உதவியாக வழங்குவது. பத்தாண்டுகட்கு முன் கிரேக்கத்துக்குக் கிட்டாத கனிவு அது. நோய் எல்லாரையும் தீண்டியபின் பிறந்த கனிவு! ஒருவன் வீடு மட்டும் எரிந்தபோது உபதேசம்; தெருவே எரிந்தபோது தண்ணீர்!

தோழரே, பல நாடுகள் கூடி அமைக்கும் ஒன்றியத்தை எடைபோட நாணயத்தையோ கொடியையோ பார்த்தால் போதாது. அதன் கடைக்கோடியில் வாழும் மூதாட்டியைப் பாருங்கள். அவள் அடுப்பு எரிந்தால் அது ஒன்றியம். அணைந்திருந்தால் வெறும் அங்காடி! மார்சினெல் சுரங்கத்தில் ஒரே புகையைச் சுவாசித்துச் செத்தவர்கள், எந்த நாட்டான் என்று ஒருவரையொருவர் கேட்டிருப்பார்களா? சாவிலே கண்ட அந்த ஒற்றுமையை வாழ்விலே வழங்குவதுதான் அரசியல்!