குமட்டலை முந்திக்கொள்ளும் கலை

சஸ்திர சிகிச்சை முடிந்து கண் விழிக்கும் நோயாளி முதலில் கேட்பது தண்ணீர். அவருக்கு முதலில் வருவதோ பல சமயங்களில் வாந்தி. 1846-ல் பாஸ்டன் நகரத்து வைத்தியசாலையில் ஈதரின் பிரபாவத்தால் கத்தியின் வேதனை வெல்லப்பட்ட காலந்தொட்டே இந்த உபத்திரவமும் கூடவே வந்திருக்கிறது என்றாலும், ‘ஆபரேஷன் என்றால் அப்படித்தான்’ என்று வெகுகாலம் அதை அலட்சியமாக ஒதுக்கியே வந்தார்கள்.

இன்றைய மயக்க மருந்து நிபுணரின் சாமர்த்தியம், வாந்தி வருமுன்பே அதன் வரவை ஊகித்துவிடுவதில் இருக்கிறது. 1999-ல் அப்ஃபெல் என்ற ஜெர்மானிய மருத்துவரும் அவருடைய சகாக்களும் நான்கே விஷயங்களை விசாரிக்கச் சொன்னார்கள்: நோயாளி பெண்ணா, புகைபிடிக்காதவரா, முன்னொரு ஆபரேஷனிலோ பிரயாணத்திலோ குமட்டல் கண்டவரா, வலிக்கு மார்பின் இனத்து மருந்து தேவைப்படுமா? நான்கில் ஒன்றும் இல்லாதவர்களில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கும், நான்கும் உள்ளவர்களில் எண்பது பேருக்கும் உபாதை நேர்கிறது. புகைபிடிப்பவருக்குக் குமட்டல் குறைவு என்பதுதான் புகையிலையால் மனிதனுக்கு விளைந்த ஒரே அனுகூலமாக இருக்கும். அதற்காக யாரும் சுருட்டைப் பற்றவைக்க வேண்டாம்!

மருந்துகளைப் பொறுத்தவரை, டெக்ஸாமெதஸோனை மயக்கத்தின் ஆரம்பத்திலும், ஒண்டான்செட்ரானை முடிவிலும் கொடுப்பது வழக்கம். ஒவ்வொன்றும் அபாயத்தில் ஏறக்குறைய கால் பங்கைக் குறைக்கிறது. ஒரே மருந்தை உடனே திரும்பக் கொடுப்பதைவிட, வேறு வகை மருந்தைச் சேர்ப்பதே பலிக்கும். மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரற்கடை மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே அழுத்தும் சீன முறையைப் பரிகசிப்பவர்கள் உண்டு. பரிசோதனைகளில் அதற்கும் ஓரளவு பலன் தெரிந்திருப்பதால் நான் பரிகசிக்க மாட்டேன்.

ஆயினும் என் மதிப்பில் இக்கலையின் உன்னதம் நர்ஸம்மாளின் கைகளில் இருக்கிறது. அரை மயக்கத்தில் ஓங்கரிப்பவரைச் சட்டென்று ஒருக்களித்துத் திருப்பி, வாந்தி மூச்சுக்குழலுக்குள் இறங்காதபடி வாயைச் சுத்தம் செய்து, கிட்னி ட்ரேயைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, வயிற்றுத் தையல் அதிராமலிருக்க ஒரு தலையணையையும் அணைத்து வைக்கும் அந்த அரை நிமிஷத்திற்கு எந்த ஊசியும் ஈடாகாது.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். கொடைக்கானல் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிறவர் நீங்களானால், ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து விசாரிக்கும்போது, இது அற்ப விஷயம் என்று கூச்சப்படாமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.