தீபாவளிச் சீர்: கடன் இல்லாமல் செய்வோம்

(சங்கராபுரம் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



தீபாவளி ஐப்பசியில் வரும், பொங்கல் தை முதல் தேதி வரும். இது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் வருஷா வருஷம் திடீர்ச் செலவு வந்த மாதிரி கடனுக்கு ஓடுகிறோம்.

நம்ம சகோதரி ஒருவர் மகள், மருமகனுக்குத் துணி, பலகாரம், வெடி என்று 6,000 ரூபாய் கடன் வாங்கினார். ஐந்து வட்டி. மாதம் 300 ரூபாய். ஒரு வருஷத்தில் 3,600 ரூபாய் வட்டியாகவே போனது. அசல் அப்படியே நிற்குது. "சீர் குறைஞ்சா பொண்ணு தலைகுனியணுமே மேடம்" என்று அழுதார். மகளிடம் பேசினோம். "எங்கம்மா கடன்காரங்களுக்குப் பதில் சொல்றதுதான் எனக்குத் தலைகுனிவு" என்றாள்.

அதனால் நாம் மூன்று பழக்கம் கொண்டு வருவோம்.

1. 6,000 தேவையென்றால் மாதம் 500. கூலி குறைந்த மாதம் 300, அறுப்பு மாதம் 700 கட்டலாம். சந்தாவோடு கட்டி, பாஸ் புத்தகத்தில் 'பண்டிகைச் சேமிப்பு' என்று தனியாக எழுதுவோம்.

2. யாருக்கு என்ன, எவ்வளவு என்று வீட்டுக்காரரோடும் பிள்ளைகளோடும் பேசி நோட்டில் எழுதுவோம். கடைக்கு நோட்டோடு போவோம்.

3. வெளியாள் நடத்தும் தீபாவளிச் சீட்டில் அவசரப்பட்டுச் சேர வேண்டாம். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பதிவுச் சான்றைக் கேட்போம்.

சீர் அன்புக்காகத்தான். இந்த மாதக் கூட்டத்திலேயே பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.