சின்னக் குழல், பறக்கும் தட்டு



இந்தியக் காவல் துறையில் ஒரு காலத்தில் ‘410 மஸ்கட்’ என்றொரு துப்பாக்கி இருந்தது. இஷாப்பூர் தொழிற்சாலையில் பழைய 303 ரைபிளை மாற்றியமைத்துக் காவலர்களுக்குக் கொடுத்தார்கள். 410 என்பது குழலின் உள் அகலம்; ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு, பத்தரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதே அகலக் குழலில் பொடி ரவை நிரப்பிய தோட்டாவைப் போட்டு, ஆகாயத்தில் பறக்கும் தட்டை உடைக்கிற கலை ஒன்று உண்டு. நம் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் குத்துச்சண்டையும் கேரமும் தெரியாத தெரு இல்லை. இந்தக் கலையும் நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்கிற ஆசையில்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் அந்தத் தட்டு. 110 மில்லிமீட்டர் விட்டம், 105 கிராம் எடை. களிமண் தட்டு என்று சொன்னாலும், இன்று சுண்ணாம்புக்கல் பொடியையும் தார்ப்பிசினையும் சூடாகக் கலந்து அச்சில் வார்க்கிறார்கள். சிமென்ட் தரையில் கை நழுவினால் சில்லுச் சில்லாகிவிடும். ஆனால் இயந்திரத்தின் கரம் முழு வேகத்தில் சுழற்றி வீசும்போது உடையாமல் தாங்க வேண்டும். இரண்டு ரவை பட்டாலும் உடைந்துவிட வேண்டும். அந்தப் பக்குவம் தப்பினால் ஆட்டமே கெட்டுவிடும்.

இந்தத் தட்டு வருவதற்கு முன் உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டுச் சுட்டார்கள். தட்டு வந்த பிறகும், 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அது நடந்தது. 1880 வாக்கில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகாவ்ஸ்கி களிமண் தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணூர் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டுக்கும் வந்திறங்கும் பறவைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு பறவையும் சாகாமல் இந்தத் திறமையைக் காட்ட வழி செய்த அந்த மனிதருக்கு மனதார நன்றி சொல்வேன்.

சரி, எப்படிச் சுடுவது? தட்டைக் குறிவைத்துச் சுட்டால் தட்டு உடையாது. ஓடுகிற பேருந்தில் ஏறுகிறவர் படிக்கட்டு இருக்கும் இடத்தை நோக்கியா ஓடுகிறார்? அது வந்து சேரப்போகும் இடத்துக்கு ஓடுகிறார். அதே கணக்குதான். 20 மீட்டர் தூரத்தில் தட்டு குறுக்கே போகிறது என்றால், ரவை போய்ச் சேர ஒரு விநாடியில் நூறில் ஆறு பங்கு ஆகும். அதற்குள் தட்டு ஒரு மீட்டருக்கு மேல் தாண்டிவிடும். ஆகவே, அவ்வளவு முன்னால், ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் சுட வேண்டும். இதை மனத்துக்குள் கணக்குப் போட்டுச் செய்ய முடியாது. கண் தட்டின் முன்விளிம்பைப் பிடிக்கிறது, இடுப்பு திரும்புகிறது, குழல் தானாகப் பின்தொடர்ந்து முந்துகிறது. விசையை அழுத்திய பிறகும் குழல் நிற்கக்கூடாது. ‘உடைந்ததா’ என்று பார்க்க நிறுத்தினால் ரவை தட்டுக்குப் பின்னால் போகும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான்.

இங்கேதான் சின்னக் குழலின் பெருமையும். ஒலிம்பிக்கில் எல்லோரும் தோளில் வைப்பது ‘12 போர்’ என்னும் அகலக் குழல் துப்பாக்கி. அதன் தோட்டாவில் 24 கிராம் ரவை. ‘ஸ்கீட்’ என்னும் தட்டு சுடும் பிரிவுக்குரிய 2 மில்லிமீட்டர் ரவையானால் சுமார் 500 மணிகள். 410-இல் 14 கிராம்தான்; சுமார் 300 மணிகள். குழல் குறுகல் என்பதால் ரவை நீளமாக அடுக்கப்பட்டு, பக்கச் சுவரில் உரசிச் சில மணிகள் உருக்குலைந்து விலகியும் போகின்றன. ஓரத்தில் பட்டாலும் 12 போர் தட்டை உடைத்துக் கொடுத்துவிடும். 410-க்கு நடு மையம் வேண்டும். உதை குறைவு என்பதால் இதைச் சிறுவர் துப்பாக்கி என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். தொடங்குகிறவருக்கு 28 போர், 21 கிராம் ரவையோடு, நல்ல நடுவழி. 410 கைதேர்ந்தவர்களின் கருவி. அமெரிக்க ஸ்கீட் போட்டிகளில் 12, 20, 28, 410 என நான்குக்கும் தனித்தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அதில் ஆட்டக்காரரின் உண்மையான தரம் 410-இல்தான் வெளியே வரும்.

நம் மாநிலத்துக்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான். டிராப் பிரிவு, 12 போர். சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்தில் 15 இயந்திரங்கள். எதிலிருந்து தட்டு எந்தப் பக்கம் பாயும் என்று அவருக்குத் தெரியாது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், சோராவர் சிங் சந்துவோடு சேர்ந்து அணித் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் நாள் மிகவும் பின்தங்கினார். மறுநாள் இரண்டு சுற்றிலும் 25-க்கு 25. மொத்தம் 125-இல் 118. இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் பதக்கம் வந்த ஆட்டங்களைவிட அந்த இரண்டாம் நாளைத்தான் நான் உயர்வாக வைப்பேன். முந்தைய நாள் தப்பிய தட்டுகளை மறந்து அடுத்த தட்டை மட்டும் பார்ப்பது லேசான காரியமல்ல.

அரச குடும்பத்தார் ஆட்டம்தானே என்று கேட்பீர்கள். பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்ற காலத்தில் அது உண்மை. ஆனால் 2004 ஏதென்ஸில் டபுள் டிராப் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ராணுவ அதிகாரி. உடல் பலமும் காரணமல்ல: 1992 பார்சிலோனாவில் ஆண்களும் பெண்களும் ஒன்றாக ஆடிய ஸ்கீட்டில் தங்கம் சீனத்துப் பெண் சாங் ஷானுக்குத்தான். தடை பணமும் இடமும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தட்டுக்கும் காசு, உரிமம் வேண்டும், ரவை விழ இருநூறு மீட்டருக்கு மேல் ஆளில்லாத வெளி வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் நம் சாலையோரம் அது நடக்காது. ஊருக்கு வெளியே அரசு மைதானம் அமைத்தால்தான் உண்டு. அப்படி அமைத்தால் விழுந்த ஈய ரவையைச் சேகரிக்கவும் ஏற்பாடு வேண்டும். மண்ணில் நஞ்சு தங்கினால் என்ன ஆகும் என்று வடசென்னைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த முறை தொலைக்காட்சியில் இந்த ஆட்டம் வந்தால் தட்டைப் பார்க்காதீர்கள். வெடித்த பிறகு குழல் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பாருங்கள். அது நின்றுவிட்டால், தட்டு தப்பியதை நடுவர் சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்.