இஞ்ஞாசியாரின் புள்ளிகள்



கொலை, களவு செய்யவில்லை என்று நிம்மதியாக இருக்கிறோம். வீட்டுக்குள் இருந்துகொண்டே போனில் "வந்துக்கிட்டே இருக்கேன்" என்பதும், பக்கத்து வீட்டுக் கதையில் இல்லாததைச் சேர்ப்பதும் யார் கணக்கு?

இப்படிப்பட்ட சின்னக் குறைகளைக் கணக்குப் பார்க்க ஒரு முறை வைத்தவர் லொயோலா இஞ்ஞாசியார். ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521இல் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலை முறித்தது. படுத்த படுக்கையில் ஒன்றைக் கவனித்தார். வீரசாகசக் கனவுகள் அப்போதைக்கு இனித்தன. பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழும் நினைப்பு தந்த மகிழ்ச்சியோ தங்கியது. கடவுளின் வழி தெரிய நாம் அசரீரியை எதிர்பார்க்கிறோம். அவருக்கு அது இப்படி மனதைக் கவனித்ததில்தான் பிடிபட்டது.

அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூல் சொல்வது இது: ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விழும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்து வருந்துங்கள்; கூட்டத்தில் நின்றாலும் யாருக்கும் தெரியாது. மதியமும் இரவும் மணி மணியாகத் திரும்பிப் பார்த்து, ஒரு கோடு வரைந்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் அதன்மேல் ஒரு புள்ளி வையுங்கள். இரவுப் புள்ளி மதியத்தைவிடக் குறைந்ததா? இன்று நேற்றைவிட?

பட்டாளத்துக்காரர் புத்தி! ஆனாலும் கறாரான மனிதர் இல்லை. தினசரி ஆன்ம சோதனைக்கு அவர் வைத்த முதல் படி, பெற்ற நன்மைகளுக்குக் கடவுளிடம் நன்றி சொல்வது. பாவக் கணக்கு அதற்குப் பிறகுதான்.