பள்ளிவாசலுக்குப் படியளந்த கடைகள்



இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்கச் சொல்லி அழைப்பு வந்ததும் மகிழ்ச்சி ஒரு பக்கம், கலக்கம் ஒரு பக்கம். உஸ்மானியத் துருக்கி மொழியை என்னைவிடச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டாம் வரிசையிலேயே பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தலைமையுரையின் நடுவே யாரும் கேள்வி கேட்பதில்லை என்ற வழக்கம்தான் எனக்குத் துணை.

ஐரோப்பாவிலும் துருக்கியிலும் உள்ள வரலாற்றுப் பள்ளிவாசல்கள் என்பது நமக்குக் கொடுத்திருக்கும் பொருள். ஸ்பெயினில் குர்துபாவின் பெரும்பள்ளி 1236இல் தேவாலயமானதையும், உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய எடிர்னே சலீமிய்யா பள்ளிவாசல் 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதையும், அனடோலியாவின் மரத்தூண் பள்ளிவாசல்கள் ஐந்து 2023இல் அதே பட்டியலுக்கு வந்ததையும் இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அயா சோஃபியாவைத் தொட்டால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். அதற்குத் தனி அமர்வு இருக்கிறது, சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தேன். குவிமாடம் இருக்கிறது, இஸ்னிக் ஓடு இருக்கிறது, சினான் தாராளமாக இருக்கிறார். வக்ஃப் பத்திரத்தை, அதாவது அறத்துக்குச் சொத்து எழுதிவைத்த ஆவணத்தை, முதன்மைச் சான்றாகக் கொண்ட கட்டுரை ஒன்றுகூட இல்லை. முன்பொரு கருத்தரங்கில் என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், வக்ஃப் பத்திரங்கள் கணக்குப்பிள்ளைகளின் வேலை, கலை வரலாற்றாளனுக்கு அதில் என்ன இருக்கிறது என்ற பொருள்படப் பேசினார். அன்று நேரமில்லாததால் பதில் சொல்லவில்லை. இன்று நேரத்தைக் கவனிக்கும் பொறுப்பும் எனக்கே என்பதால் சொல்லிவிடுகிறேன்.

போஸ்னியாவின் சராயெவோவை எடுத்துக்கொள்வோம். சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மகள் வயிற்றுப் பேரர், போஸ்னியாவின் உஸ்மானிய ஆளுநர் காஸி குஸ்ரெவ் பெக். 1530ஐ ஒட்டி அவர் அங்கே எழுப்பிய பள்ளிவாசலையும் சினான் தலையில் கட்டும் ஆர்வம் சிலருக்கு உண்டு. சினான் தலைமைக் கட்டடக் கலைஞரானதே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். சினானுக்கு முன் அந்தப் பதவியில் இருந்த அஜம் அலியின் பெயரைச் சொல்வதே பொருத்தம். ஆனால் யார் கட்டினார் என்று நூறு பக்கம் எழுதுகிறவர்கள், கட்டியபின் விளக்குக்கு எண்ணெய் வாங்கியது யார் பணத்தில் என்று ஒரு பக்கமாவது எழுத வேண்டாமா?

பதில் 1531ஆம் ஆண்டின் வக்ஃப் பத்திரத்தில் தொடங்குகிறது. பெஸிஸ்தான் என்ற மூடிய கடைவீதி, ஹம்மாம், தாஷ்லிஹான் என்ற கல்சத்திரம் எனக் குஸ்ரெவ் பெக் வக்ஃபின் வருவாய் வழிகள் பல. இமாம், மோதினார், குர்ஆன் ஓதுபவர், இமாரெத் என்ற அன்னதானக் கூடம் என எல்லாவற்றுக்கும் அந்த வருவாய்தான் படியளந்தது. மதரஸாவுக்கான 1537ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை வருகிறது: கட்டுமானம் போக மிஞ்சும் பணத்தில் நல்ல நூல்கள் வாங்க வேண்டும். இன்றைய குஸ்ரெவ் பெக் நூலகத்தின் பிறப்பு அந்த வரியில்தான். போஸ்னியப் போரின்போது, 1992 மே மாதம் சராயெவோவின் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் குண்டுவீச்சில் எரிந்து, 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் சாம்பலாயின. குஸ்ரெவ் பெக் நூலகத்தின் படிகளை முற்றுகைக்கு நடுவே இடம் மாற்றி இடம் மாற்றிக் காப்பாற்றினார்கள். கணக்குப்பிள்ளை எழுதிய ஒரு வரிக்கு இத்தனை ஆயுள்.

இன்னொரு செய்தியும் உண்டு, அதை நம்மவர்கள் கூச்சத்தோடு தாண்டிப் போகிறார்கள். பால்கன் வக்ஃபுகள் பல ரொக்கமாக எழுதப்பட்டவை. பணத்தைக் கடனாகக் கொடுத்து வரும் ஆதாயத்தில் அறம் நடந்தது. இது வட்டியல்லவா என்று 16ஆம் நூற்றாண்டிலேயே மார்க்க அறிஞர் பிர்கிவி எதிர்த்தார். பேரரசின் தலைமை முஃப்தியான ஷெய்குல் இஸ்லாம் எபுஸ்ஸுவூத் ஆதரித்தார். அவர்கள் வெளிப்படையாக விவாதித்ததை நாம் ஏன் அடிக்குறிப்பில் ஒளிக்க வேண்டும்?

பள்ளிவாசல் அழிவு என்றதும் எல்லோரும் 1993ஐச் சொல்கிறோம். சரிதான். பன்யா லூக்காவில் ஃபர்ஹாத் பாஷா 1579இல் கட்டிய பள்ளிவாசலை அந்த ஆண்டு மே 7இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். குப்பை மேட்டில் கொட்டிய கற்களைத் தேடி எடுத்து மீண்டும் கட்டி, 2016இல் அதே மே 7இல் திறந்தார்கள். பழைய கல் எத்தனை, புதிய கல் எத்தனை, இது அசலா நகலா என்று நடக்கும் விவாதம் எனக்குச் சலித்துவிட்டது. என் கேள்வி அதற்கு முந்திய காலத்தைப் பற்றியது. 1945க்குப் பின் யூகோஸ்லாவிய நிலச்சீர்திருத்தம் வக்ஃப் நிலங்களை எடுத்துக்கொண்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைக் கட்டடங்களை அரசுடைமையாக்கியது. கடையும் வாடகையும் போன பள்ளிவாசல் ஜமாஅத்தின் கைக்காசை நம்பி நின்றது. போருக்குப் பிறகு பழுது பார்க்க வெளிநாட்டுப் பணம் வந்தபோது, கொடுத்தவர் ரசனையும் கூடவே வந்தது. குஸ்ரெவ் பெக் பள்ளிவாசலின் உட்சுவர் ஓவியங்களை 1996இல் சவூதி உதவியோடு வெள்ளையடித்து மறைத்தார்கள். பின்னர் மறுபடி வரைய நேர்ந்தது. வக்ஃபுக்குச் சொந்த வருவாய் இருந்திருந்தால் அதன் நிர்வாகியான முத்தவல்லி அந்த உதவி வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியும். வெடிகுண்டைப் பற்றி ஆய்வாளர் ஆண்ட்ராஸ் ரீட்ல்மேயர் ஹேக் போர்க்குற்ற நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். 1958ஐப் பற்றிச் சாட்சி சொல்ல நம்மிடம் பத்திரங்கள் இருக்கின்றன, படிக்கத்தான் ஆளில்லை.

வக்ஃப் பத்திரத்திலிருந்து தொடங்குவது நான் கண்டுபிடித்த வழியன்று. துருக்கியக் கட்டடக்கலை வரலாற்றாளர் அய்வெர்தி பால்கன் கட்டடங்களைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதியபோது வக்ஃப் ஆவணங்களைத்தான் தோண்டினார். டச்சு ஆய்வாளர் மஹீல் கீல் வரிப்பதிவேடுகளோடு ஒப்பிட்டு அவரைத் திருத்தினார். நாமோ உஸ்மானியப் பயண எழுத்தாளர் எவ்லியா செலெபியைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்கு எத்தனை பள்ளிவாசல் என்று அடுக்குகிறோம். எவ்லியா எனக்கும் பிடித்தவர், பத்துத் தொகுதியும் சுவைதான். ஆனால் தொப்காபி அரண்மனைக் கைப்படியில் எண் எழுத வேண்டிய பல இடங்களை அவரே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெற்றிடமாக விட்டிருக்கிறார். அவ்வளவு நேர்மையானவரை நாம் புள்ளிவிவர அதிகாரியாக்கியது அவருக்கும் அநியாயம்.

ஆகவே நிறைவு அமர்வில் ஒரு தீர்மானம் முன்மொழிய இருக்கிறேன். அடுத்த மாநாடு முதல், ஒரு பள்ளிவாசலைப் பற்றிக் கட்டுரை தருபவர் அதன் வக்ஃப் பத்திரம் அங்காராவிலோ சராயெவோவிலோ எங்கே இருக்கிறது, அதில் எழுதிய சொத்து இன்று யார் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். பத்திரம் கிடைக்கவில்லையென்றால் எங்கெல்லாம் தேடினார் என்று சொல்லட்டும். எதிர்த்துப் பேச விரும்புவோர் தேநீர் இடைவேளைக்குள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். கணக்குப்பிள்ளை நண்பருக்கு முதல் பத்து நிமிடம் நானே ஒதுக்கிவிட்டேன்.