சதுர அடிக் கணக்கும் மண் கணக்கும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிவில் என்ஜினியர் என்று தெரிந்துவிட்டால் கல்யாணப் பந்தியில்கூட ஒரே கேள்விதான் வரும்: "சார், இப்ப ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்?" நானும் யோசிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஏன் நிறுத்தினேன் என்பதை இன்று சொல்கிறேன்.

தனியாகத் தொழில் தொடங்கிய புதிது. அடையாறில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டைச் சொன்ன தொகைக்குள் முடித்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, தி. நகரில் மனை வைத்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். கீழே அவரும் மனைவியும், மாடி வாடகைக்கு. பென்ஷனோடு அந்த வாடகையும் சேர்ந்தால்தான் அவர்கள் கணக்கு சரியாக வரும். அடையாறு ரேட்டையே சதுர அடியால் பெருக்கி, ஒரே பக்கத்தில் எஸ்டிமேட் கொடுத்தேன். "சாயில் டெஸ்ட் வேண்டாமா தம்பி?" என்று அவரே கேட்டார். "பக்கத்து வீடெல்லாம் நிக்குதே சார், எதுக்கு வீண் செலவு?" என்றேன்.

கடைக்கால் தோண்டினால் ஐந்தடியிலும் கறுப்புக் களி. மேஸ்திரி ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்த்து, "இது ஏரி மண்ணு சார்" என்றார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உருவான பகுதி தி. நகர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, லேக்தான் இல்லை. களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அண்டர்ரீம்டு பைல் போட வேண்டியதாயிற்று. பணமெல்லாம் தரைக்குக் கீழே போயிற்று. மாடியையும் தாங்கும்படிதான் பைல் போட்டோம். தாங்குவதற்கு மாடி வரவில்லை. "பரவாயில்லப்பா" என்றார் அந்த அம்மா. என் ஃபீஸை நான் வாங்கவில்லை. ஆனால் ஃபீஸ் ஒரு தடவை. வாடகை மாதா மாதம் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு சில விஷயங்களைப் பிடிவாதமாகச் செய்கிறேன். மண் பரிசோதனை அறிக்கை வராமல் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. சதுர அடி ரேட் பேச்சுக்கு மட்டும். வேலைக்கு அயிட்டம் வாரியாக அளவு எடுத்த கணக்குதான்.

அளவு கையில் இருந்தால்தான் செலவையும் பிடிக்க முடியும். 1:1½:3 கலவையில் ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட். ஸ்லாப் போட்ட மாலை காலி மூட்டையை எண்ணுங்கள். கூடினாலும் குறைந்தாலும் காரணம் கேளுங்கள். கம்பிக்கு நம் பழைய சூத்திரம்: விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 8 மி.மீ. கம்பி 12 மீட்டருக்கு 4.74 கிலோ. ஐ.எஸ். 1786 இந்தக் கம்பிக்கு 7 சதவீதம் வரை ஏறக்குறைய அனுமதிக்கிறது. ஆகவே எண்ணி வாங்காமல் எடை போட்டு வாங்குங்கள். மணல் ஈரமாக இருந்தால் 20, 30 சதவீதம் உப்பிக் காட்டும். லாரியில் ஒரு யூனிட் என்பார்கள், காய்ந்தால் ஒரு யூனிட் இருக்காது.

இன்னொன்று, தேதி. சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமானது. எந்த நாள் விலையில் போட்டது என்று எழுதாத எஸ்டிமேட் பிறகு சண்டையில்தான் முடியும். பாதியில் டைல்ஸ் மாற்றினாலும், ஒரு ஜன்னல் கூட்டினாலும், அன்றே தொகையோடு எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்பதுதான் இந்தத் தொழிலிலேயே விலை அதிகமான வார்த்தை.

வீட்டைக் கட்டிப் பார் என்று பெரியவர்கள் சொன்னது கட்டுகிறவருக்கு. நமக்கு அது ஒரு வேலை. அவர்களுக்கு ஆயுள் சேமிப்பு. மாணவ நண்பர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். இப்போதெல்லாம் யாராவது ரேட் கேட்டால், "எந்தத் தெரு சார்?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.