பார்க்கின்சன் நோயும் கூட்டு மருத்துவப் பராமரிப்பும்

(சிட்னி, கிரவீனில் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் நடுக்கத்தோடு கூடிய ஒரு நோயைப் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். இன்று அவர் பெயரால் வழங்கும் அந்நோயைத் தமிழில் நடுக்குவாதம் என்பர். மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழிவதே இதன் அடிப்படை.

பெயரில் நடுக்கம் இருப்பினும், நடுக்கமே இல்லாத நோயாளரும் உளர். அசைவு மந்தமாதல், தசை விறைத்தல், கையெழுத்துச் சிறுத்தல், குரல் தாழ்தல், மணம் நுகரும் திறன் குன்றல், மலச்சிக்கல், உறக்கத்தில் கைகால் வீசுதல், மனச்சோர்வு ஆகியனவும் இந்நோயோடு வருவன. "அப்பாவுக்குச் சோம்பல் கூடிவிட்டது", "அம்மா முன்போலச் சிரிப்பதில்லை" என்று பிள்ளைகள் வருந்தும்போது, அதற்கு முகத்தசைகளின் விறைப்பே காரணமாக இருக்கக்கூடும். இவற்றை முதுமையின் இயல்பென்று ஒதுக்குவதும், ஊரார் அறியக்கூடாதென மறைப்பதும் சிகிச்சையைத் தாமதப்படுத்தும்.

இத்தனை வடிவங்கொண்ட நோயை ஒரு மருத்துவர் தனித்து நின்று கவனித்தல் அரிது. நரம்பியல் மருத்துவர் மருந்தையும் அளவையும் தீர்மானிப்பார். நோயாளர் நடை தடுமாறாதிருக்கவும் விழாதிருக்கவும் இயன்மருத்துவர் பயிற்சி அளிப்பார். குளியலறைக் கைப்பிடி முதல் சட்டைப் பொத்தான் வரை அன்றாட வாழ்வை எளிதாக்குபவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். பேச்சுச் சிகிச்சையாளர் குரலோடு விழுங்கும் திறனையும் கவனிப்பார். உணவியலாளர், உளவியலாளர், பார்க்கின்சன் தாதி ஆகியோரும் இக்குழுவினரே. நெதர்லாந்தில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய பார்க்கின்சன்நெற் என்னும் வலையமைப்பு, இந்நோயில் சிறப்புப் பயிற்சி பெற்ற இத்தகையோரை ஒருங்கிணைத்து, பின்னர் அந்நாடு முழுவதும் பரவியது.

கிரவீன் வாழ் மக்களுக்கு அண்மையிலேயே வெஸ்ற்மீட் மருத்துவமனையும், அங்கு அசைவுக் கோளாறுகளுக்கான சிறப்புப் பிரிவும் உள்ளன. அதற்கான வாயில் குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதமாகும். நாட்பட்ட நோய்க்கான திட்டமொன்றை அவர் வகுத்தால், இயன்மருத்துவர் போன்றோரிடம் ஆண்டுக்கு ஐந்து அமர்வுகள் வரை மெடிக்கெயர் உதவி கிடைக்கும். தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்புறுதித் திட்டத்திற்கு 65 வயதாகுமுன் விண்ணப்பித்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டோருக்கு முதியோர் பராமரிப்புத் திட்டங்கள் உள்ளன.

எனினும், குழு எவ்வளவு சிறந்ததாயினும் நோயாளர் சொல்வது அதனிடம் முழுமையாகச் சென்று சேர வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்பணி மகன் மீதோ மகள் மீதோ, சிலவேளை பாடசாலை செல்லும் பேரப்பிள்ளை மீதோ விழுகின்றது. இல்லாத உருவங்கள் கண்ணில் தோன்றுவதைப் பேத்தியின் வாயால் மருத்துவருக்குச் சொல்ல எந்த அப்பப்பா விரும்புவார்? இந்நோய்க்கான சில மருந்துகள் சிலரிடம் சூதாட்டம், அளவற்ற செலவு போன்ற அடக்கமுடியாத உந்துதல்களைத் தூண்டக்கூடும். அதை மகன் முன்னிலையில் எந்தத் தந்தை ஒப்புக்கொள்வார்? சொல்லப்படாத அறிகுறிக்கு மருந்தின் அளவை மாற்ற இயலாது.

ஆகவே, நியூ சவுத் வேல்ஸ் அரச மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைச் சந்திப்புக்கு முன்பே கேட்டுப் பெறுங்கள். இது சலுகையன்று, நோயாளரின் உரிமை. இளையோரே, நீங்கள் அருகில் இருங்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளராக அன்றி, பிள்ளைகளாக இருங்கள். எந்த நேரத்தில் அசைவு தடைப்பட்டது, எப்போது மருந்து கொடுக்கப்பட்டது என்று நீங்கள் எழுதிச்செல்லும் குறிப்பு மருத்துவருக்குப் பெரிதும் உதவும். குரற்பயிற்சிக்கும் ஆங்கிலம் கட்டாயமில்லை. தேவாரத்தை உரக்க ஓதலாம். பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லி உரத்து அழைக்கலாம்.

மருந்தைப் பற்றியும் சில சொற்கள். லெவோடோபா இந்நோய்க்கான முதன்மை மருந்து. பூனைக்காலி விதையிலும் அதே பொருள் உண்டு. தாமோதரன், இராமசுவாமி என்னும் சென்னை ஆய்வாளர்கள் 1937இலேயே அதைப் பிரித்தெடுத்தனர். எனவே, ஊரிலிருந்து வரும் பூனைக்காலிச் சூரணத்தை மருத்துவருக்குச் சொல்லாமல் உட்கொள்வது, அதே மருந்தை அளவறியாது கூடுதலாக உண்பதற்கு ஒப்பாகும். சிலருக்குப் பருப்பு, இறைச்சி, தயிர் போன்ற புரத உணவுகள் இம்மருந்தின் உறிஞ்சலைக் குறைக்கும். ஆதலால் உணவு நேரத்தைக் குழுவிடம் கேட்டறியுங்கள். வாந்திக்கு வழங்கப்படும் மக்சலன், ஸ்ரெமெற்றில் ஆகியவை நோயைக் கடுமையாக்கக்கூடும். வேறு காரணத்திற்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், பார்க்கின்சன் நோய் உண்டென்பதையும் மருந்து நேரங்களையும் முதலிலேயே தெரிவியுங்கள். மாத்திரைகளைத் தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

இந்நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் நடக்கவும், பேசவும், உறவுகளோடு கூடியிருந்து உண்ணவும் நோயாளருக்கு உதவும் வழிகள் உள்ளன. அவற்றைத் தேடி, முதலில் குடும்ப மருத்துவரின் கதவைத் தட்டுங்கள். தமிழில் பேசும் வாய்ப்பைக் கேட்டுப் பெறுங்கள்.